அவசர சிகிச்சை மருத்துவ மேற்படிப்பு: ஒதுக்கீடு நழுவும் இடங்கள்

கொற்கையிலோ ஏரலிலோ வெட்டுப்பட்டு உயிருக்குப் போராடும் ஒருவரை 108 ஆம்புலன்ஸ் கொண்டுசேர்க்க வேண்டிய பெரிய மருத்துவமனைகள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட தலித் மாணவனும் அவனது தங்கையும் சிகிச்சை பெற்றது திருநெல்வேலியில்தான். அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் உயிரைக் காப்பதோடு விபத்துப் பதிவேட்டையும் எழுதுகிறார். காயத்தின் தன்மை, ஆயுதம், தாக்கியவர் குறித்துக் காயம்பட்டவர் கூறியது ஆகியவை அதில் பதிவாகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் அது அடிப்படைச் சான்று. ஆகவே அந்தப் பணியில் யார் அமர்கிறார் என்பது சமூகநீதிக்கான கேள்வியும் ஆகும்.

இந்தியாவில் அவசர சிகிச்சை மருத்துவம் தனித் துறையாக அங்கீகரிக்கப்பட்டது 2009இல். எம்.பி.பி.எஸ். முடித்தவர் நீட் முதுநிலைத் தேர்வின் வழியே மூன்றாண்டு எம்.டி. படிப்பில் சேரலாம். பொதுப்பிரிவினருக்கு 50ஆவது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40ஆவது சதமானம் குறைந்தபட்சத் தகுதி. ஆனால் அது கலந்தாய்வின் வாசலை மட்டுமே திறக்கிறது. இடத்தைத் தருவது தரவரிசையும் விருப்பத் தேர்வும்தான்.

மாநில அரசுக் கல்லூரிகளின் இடங்களில் பாதி அகில இந்தியத் தொகுப்புக்குச் செல்கிறது. இத்தொகுப்பில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு கிடைப்பதற்கு 2007இல் உச்ச நீதிமன்றம் அபய் நாத் வழக்கில் வழிதிறக்க வேண்டியிருந்தது. மறுபாதியில் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு ஒதுக்கீடு பொருந்தும்: பட்டியல் சாதியினருக்கு 18 (அதனுள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. அருந்ததியர் உள்ஒதுக்கீடு மாநிலப் பாதியில் மட்டுமே உண்டு. எனவே இரண்டு கலந்தாய்வுகளுக்கும் தனித்தனியே பதிவு செய்வது இன்றியமையாதது.

விழுக்காடு காகிதத்தில் இருந்தாலும் துறை சிறிதானால் அது கரைந்துவிடும். ஒரு கல்லூரியில் அவசர சிகிச்சை மருத்துவத்திற்கு மாநிலப் பங்கில் 4 இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 18 விழுக்காடு என்பது 0.72; 3 விழுக்காடு என்பது 0.12. முழு இடம் எந்தப் பிரிவுக்கு எந்தத் துறையில் விழும் என்பதைச் சுழற்சிப் பட்டியலே தீர்மானிக்கிறது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கான பங்கு தனியே பிரியும்போது எண்ணிக்கை மேலும் சுருங்கும். இடப்பகிர்வுப் பட்டியலைத் துறைவாரியாகப் படிக்காமல் விருப்பங்களை நிரப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது, தகுதியால் வென்றவரை ஒதுக்கீட்டில் அடைக்கும் பழக்கம். பொதுத் தரவரிசையிலேயே இடம்பெறும் தலித் மாணவர், விரும்பிய கல்லூரிக்காக ஒதுக்கீட்டு இடத்தைத் தேர்ந்தாலும், விழுக்காட்டுக் கணக்கில் அவர் பொதுப்பிரிவில் சேர்ந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று 1996இல் ரிதேஷ் ஆர். ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தக் கணக்கு தவறினால் பின்வரிசையில் நிற்கும் மற்றொரு தலித் மாணவர் இடத்தை இழப்பார். ஆகவே ஒவ்வொரு சுற்று முடிவையும் சரிபார்க்க வேண்டும்.

சான்றிதழும் தாமிரபரணிக் கரையில் ஒரு சிக்கலே. ஏழு சாதிப் பெயர்கள் 2021ஆம் ஆண்டின் சட்டத்தால் தேவேந்திரகுல வேளாளர் எனும் பெயரின்கீழ் வந்தன. பட்டியல் சாதித் தகுதி அப்படியே நீடிக்கிறது. சான்றுகளில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்திருந்தால் கலந்தாய்வுக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் தெளிவுபெறுவது நலம். கிறித்தவத்துக்கு மாறிய தலித்துகளோ, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோராகவே போட்டியிடுகின்றனர்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கதவு முற்றாக மூடியுள்ளது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீடு வழங்க 93ஆம் அரசியலமைப்புத் திருத்தம் இடமளித்தும், அவற்றுக்கென ஒன்றிய அரசு இன்னும் சட்டம் இயற்றவில்லை.

ஆகவே மாணவர் அமைப்புகளின் பணி தேர்வுப் பயிற்சியோடு முடிவதில்லை. துறைவாரிச் சுழற்சிப் பட்டியலை வெளியிடக் கோருவதும், தேவையெனில் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி அதைப் பெறுவதும், முதல் தலைமுறை மருத்துவர்களுக்கு விருப்பத் தேர்வு நாளில் துணைநிற்பதும் அவற்றின் கடமை. காயம்பட்டவரின் சொல்லைச் சிதைக்காமல் எழுதும் மருத்துவர் அந்த அறையில் இருப்பதற்கான போராட்டம் கலந்தாய்வுப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறது.