கட்டியைக் கீறிய பிறகு

பிடரியிலோ முதுகிலோ காதுக்குப் பின்னாலோ கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருக்கும். வலிக்காது, ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு ஒருநாள், தேர்வு நெருங்கும் வேளையாகப் பார்த்து, சிவந்து வீங்கித் தெறிக்கத் தொடங்கும். விடுதியில் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் மஞ்சள் பற்றுப் போடு என்பார். ஒருவர் அழுத்திப் பிதுக்கு என்பார். இன்னொருவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியே வந்துவிடுவார். முடிவில் மருத்துவரிடம் சென்று கீறிக்கொள்ள நேர்கிறது. கீறியபின் இரண்டு செய்திகள் நோயாளியைத் திகைக்க வைக்கின்றன. புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். கட்டி இன்னும் முழுதும் போகவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டிற்கும் தக்க காரணம் உண்டு.

இதனைக் கொழுப்புக்கட்டி என்று பலரும் அழைக்கிறோம். உண்மையில் உள்ளே இருப்பது கொழுப்பு அன்று. நம் மேல்தோல் ஓயாது தேய்ந்து உதிர்கிறது. அம்மேல்தோலின் ஒரு சிறு பகுதி உட்புறம் மடிந்து பைபோல் அமைந்துவிட்டால், உதிரும் பொருளுக்கு வெளியேற வழியில்லை. அது உள்ளேயே சேர்ந்து, பாலாடைக்கட்டி போன்று வெண்மையாய், தீய நாற்றத்தோடு நிறைகிறது. கட்டியின் நடுவில் சிறு கரும்புள்ளி தெரிந்தால், அதுவே அப்பையின் வாய். மருத்துவர்களும் நெடுங்காலம் இதை எண்ணெய்ச் சுரப்பியின் கட்டி என்றே தவறாகப் பெயரிட்டு வழங்கினர்.

பிதுக்குவதில் உள்ள கேடு இங்கேதான். பை உட்புறமாகக் கிழிந்தால் அப்பொருள் சுற்றியுள்ள சதையில் கசிகிறது. உடல் அதை அயற்பொருளாகக் கருதிப் போரிடுகிறது. சிவப்பும் சூடும் வலியும் அப்போரின் அடையாளங்கள். கிருமி புகாமலேயே இவ்வளவும் நிகழலாம். புகுந்தால் சீழும் சேரும். சீழ் கட்டிய பின்னர் மாத்திரையை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை. தேங்கிய சீழுக்குள் மருந்து போதிய அளவு சென்று சேர்வதில்லை. அதனை வெளியேற்றியே ஆக வேண்டும்.

கீறும் முறை எளிது. தோலைத் துடைத்து மரப்பு ஊசி போடுவார்கள். அழற்சியுற்ற சதையில் அமிலத்தன்மை மிகுதியாதலால் மருந்து அங்கே முழுவீச்சில் வேலை செய்வதில்லை. எனவே ஊசி சுரீரென்று வலிக்கும். பிறகும் அழுத்தமும் ஓரளவு வலியும் தெரியும். இதை முன்னரே அறிந்தவன் அவ்வளவு அஞ்சமாட்டான். கத்தியால் சிறிது கீறிச் சீழை வடித்து, உள்ளே கழுவி, துணித்திரி ஒன்றைச் செருகிக் கட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அன்றே அறைக்குத் திரும்பலாம். நீரிழிவு உண்டா, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறீர்களா, எந்த மருந்தேனும் ஒவ்வாதா என்பவற்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுக.

தைக்காததன் காரணம் இப்போது விளங்கும். மேல்தோலை மூடிவிட்டால் உள்ளே எஞ்சிய சீழ் மீண்டும் தேங்கும். புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆறவேண்டும். அதுவரை வாய் மூடாதிருக்கவே திரி. முதற்கட்டை ஓரிரு நாளில் பிரிப்பார்கள். திரியை இழுக்கும் அந்த நொடி, கீறலைவிடத் துன்பமானது என்று பலர் சொல்வதுண்டு. அதன்பின் புண் ஆறுமட்டும் கட்டு மாற்றிவர வேண்டும். சிறியதானால் ஓரிரு வாரம், பெரியதானால் இன்னும் சில நாள். நாளுக்கு நாள் சிவப்புப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த முறைக்கென்று காத்திராமல் உடனே செல்லவேண்டும்.

இனி இரண்டாவது செய்தி. கீறியதால் வெளியேறியது சீழ். பை உள்ளேயே இருக்கிறது. அது இருக்குமட்டும் மீண்டும் நிறையலாம். அப்படியானால் அன்றே எடுத்துவிடக் கூடாதோ? வீங்கிய சதையில் பையின் சுவர் நைந்து, சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கிடக்கும். முழுதாகப் பிரித்தெடுப்பது அரிது. துணுக்கு எஞ்சினாலும் கட்டி திரும்பும். ஆதலின் பொதுவாகச் சில வாரங்கள் சென்று, புண் அடங்கிய பின்னரே பையை எடுப்பார்கள். அப்போது தையல் உண்டு.

இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இத்தகைய கட்டி ஒன்று இருந்தது. அதை அறுத்தெடுத்த ஆஸ்ட்லி கூப்பர் 1821இல் பாரனெட் பட்டம் பெற்றார். மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வராத காலம். புண் நஞ்சேறி மன்னர் மாண்டால் என்னாவது என்று கூப்பர் அஞ்சியதில் வியப்பில்லை. இன்று நமக்கு அத்தகைய அச்சம் வேண்டியதில்லை, பட்டமும் கிடைக்காது.

தில்லியில் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் புது மாணவர் ஒன்றை நினைவிற் கொள்க. சீழ்க்கட்டிக்கு இந்தியில் ‘ஃபோடா’ என்று பெயர். செவிலியர் உங்களைப் பார்த்து அதைச் சொன்னால் சினம் கொள்ள வேண்டா. சீழ் ‘மவாத்’, கட்டு ‘பட்டி’. விடுமுறைக்கு ஊர் செல்வதாயின் அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லுங்கள். திரி செருகிய புண்ணோடு சென்னை வண்டியில் இரண்டு இரவுகள் கழிப்பது எளிதன்று. நடுவழியில் கட்டு மாற்றவும் ஆள் கிடையாது.