ஏ.ஐ சொன்னால் சரியாகத்தான் இருக்குமா? ஆசிரியர்களுக்கான முதல் பாடம்!

வைகை ஆறு எங்கே போய்ச் சேர்கிறது? பரமக்குடியில் விவசாயம் பார்க்கும் பெரியவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஊரைத் தாண்டும் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பும். மிஞ்சினால்தான் கடலுக்குப் போகும். இதையே ஒரு ஏ.ஐ செயலியிடம் கேட்டால், 'வங்கக் கடலில் கலக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடும். அதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், கண்மாயை நம்பி வாழும் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது. அதில் என்ன விடுபட்டது என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

பள்ளிக்குள் வந்துவிட்டது

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை ஏ.ஐ, ரோபாட்டிக்ஸ் கற்பிக்க, 2025-ல் 'டிஎன் ஸ்பார்க்' திட்டத்தைக் கொண்டுவந்தது தமிழக அரசு. 2026-27 கல்வியாண்டு முதல் 3-ம் வகுப்பிலிருந்தே ஏ.ஐ பாடம் என அறிவித்திருக்கிறது மத்திய அரசு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன், ஆசிரியர்கள் தயாராக வேண்டாமா?

ஆசிரியர்களுக்குத் தேவையான 15 ஏ.ஐ திறன்களை 5 பிரிவுகளாக வகுத்து, 2024-ல் வெளியிட்டது யுனெஸ்கோ. அதில் முதல் பிரிவு, மனிதரை மையமாக வைக்கும் மனப்பான்மை. இரண்டாவது, அறநெறி. ஏ.ஐ எப்படி வேலை செய்கிறது என்பதே மூன்றாவதாகத்தான் வருகிறது.

ஏன் தவறு வருகிறது?

சாட்பாட் எதையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. கோடிக்கணக்கான வரிகளைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் குறைவு; பரமக்குடி பற்றிய தகவல் அதைவிடக் குறைவு. தெரியாத இடத்திலும் அது தயங்காமல் எழுதும் என்பதுதான் சிக்கல்.

அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள்

'இந்தக் கட்டுரையை நீ எழுதலை, ஏ.ஐ எழுதியிருக்கு' என்று ஒரு மாணவியிடம் சொல்வது சுலபம். நிரூபிப்பது கடினம். ஏ.ஐ எழுதியதா எனக் கண்டுபிடிக்கும் கருவிகளை 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில், சராசரியாக 61 சதவிகிதத்தை ஏ.ஐ எழுதியவை என்று அவை முத்திரை குத்தின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏ.ஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று சொல்லித் தன் கண்டறியும் கருவியை அதே ஆண்டு நிறுத்திவிட்டது.

தறிக்காரர் வீட்டிலிருந்து வந்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பழகும் பிள்ளைமீது இந்தப் பழி விழுந்தால், அது மறுபடி பேனாவைத் தொடத் தயங்கும். சந்தேகம் வந்தால், பக்கத்தில் உட்காரவைத்து 'இதை எப்படி எழுதினே?' என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

விவரங்களைக் கொட்டாதீர்கள்

மதிப்பெண் பட்டியலை அப்படியே செயலியில் போட்டு 'அறிக்கை தயார் செய்' என்பது வேலையைக் குறைக்கும். ஆனால், பிள்ளையின் பெயர், எமிஸ் எண், வீட்டு நிலவரம் எல்லாம் வெளி நிறுவனத்தின் கைக்குப் போகும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாள பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வகுப்பில் சாட்பாட்டுடன் நேரடியாக உரையாட வேண்டாம் என்பது யுனெஸ்கோவின் பரிந்துரை.

நாளையே செய்யக்கூடியவை

* வினாத்தாள் தயாரிக்க ஏ.ஐ-யைப் பயன்படுத்தலாம். ஆனால், ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே விடை எழுதிப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

* ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி ஏ.ஐ தரும் பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தவறு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மிளகாய் போடும் வீட்டுப் பிள்ளைதான் அன்று வகுப்பின் நிபுணர்!

* வீட்டுப்பாடத்தை மாற்றுங்கள். 'நெசவுத் தொழில் பற்றி எழுது' என்றால் ஏ.ஐ எழுதித் தந்துவிடும். 'உங்கள் தெருவில் தறி போடும் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வா' என்றால், பிள்ளை எழுந்து நடந்துபோய்த்தான் ஆக வேண்டும்.

செயலி நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும், பொறுப்பை வாங்கிக்கொள்ளாது. விடைத்தாளில் மதிப்பெண் தவறினால், பெற்றோர் தேடி வருவது செயலியை அல்ல, 'சார், டீச்சர்' என்று உங்களைத்தான்!