செலவு பண்ண காசு விலையா திரும்பி வருமா? ஒரு ஹாட் ராட் கார் சொல்ற கணக்கு



அமெரிக்காவுல பழைய கார் விற்கிற விளம்பரங்கள்ல இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி கண்ணுல படும்: 1932 ஃபோர்டு கூபே, முழுசா கஸ்டமைஸ் பண்ணது, செலவு பண்ணதுல பாதி விலைக்கே தர்றேன், எல்லா பில்லும் இருக்கு.

படிச்சதும் "அட, பாதி விலையா!"ன்னு தோணும். ஆனா ஒருத்தர் ஆசை ஆசையா செஞ்ச கார் ஏன் பாதி விலைக்கு வருது? நம்ம சம்பளத்துக்கும் பொருந்துற ஒரு பாடம் இதுல இருக்கு.

ஹாட் ராட்னா என்ன?

1932-ல, அமெரிக்காவே பொருளாதார மந்தத்துல தவிச்சிட்டு இருந்தப்போ, ஃபோர்டு சுமார் 500 டாலர் விலையில வி8 இன்ஜின் போட்ட காரைக் கொண்டு வந்தது. 221 கன அங்குல இன்ஜின், 65 குதிரைத்திறன். அதுவரைக்கும் வி8 பணக்காரங்க சமாச்சாரம். 1932-ல வர்ற கடைசி 2-ஐ வச்சு இந்தக் காருக்கு 'டியூஸ்'னு செல்லப்பேர்.

சில வருஷத்துல இந்த கார்கள் பழசாகி மலிவா கிடைக்க ஆரம்பிச்சது. தெற்கு கலிஃபோர்னியா பசங்க அதை வாங்கி, மட்கார்டைக் கழட்டி எடையைக் குறைச்சு, இன்ஜினை முடுக்கி, மியூராக், எல் மிராஜ் மாதிரி வறண்ட ஏரிப் படுகைகள்ல ரேஸ் விட்டாங்க. கூரையை அறுத்து சில அங்குலம் தாழ்த்துறது, வேற கம்பெனி இன்ஜினைப் பொருத்துறது எல்லாம் இதுல சேர்த்தி. 1955-ல வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8 இதுக்கு ரொம்பப் பிரபலம்.

கவனிச்சீங்களா? கையில காசு இல்லாத பசங்க வேகத்துக்காகக் கண்டுபிடிச்ச வழி இது. இன்னைக்கு அதுவே காசைக் கரைக்கிற பொழுதுபோக்கு.

ஏன் பாதி விலை?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பழைய பாடியும் சேஸிஸும் 25,000 டாலர். இன்ஜின், கியர்பாக்ஸ் 15,000. பெயின்ட், சீட் வேலை 20,000. மெக்கானிக் கூலி 25,000. மொத்தம் 85,000 டாலர். ஆனா வாங்க வர்றவர் 45,000-க்கு மேல ஏற மாட்டேங்கிறார்னு வச்சுக்கோங்க. ஏன்?

1. கூலி திரும்பி வராது. நூத்துக்கணக்கான மணி நேர வேலைக்குக் கொடுத்த காசு அது. வாங்குறவர் அந்த மணி நேரத்தை எண்ண மாட்டார், காரைத்தான் பார்ப்பார்.
2. ரசனை உங்களோடது. உங்களுக்குப் பிடிச்ச ஊதா கலர் அவருக்குத் திரும்ப பெயின்ட் அடிக்கிற செலவு.
3. வாங்குற கூட்டம் சின்னது. ஒரே ஒருத்தருக்காகச் செஞ்ச பொருளுக்கு இன்னொருத்தரைத் தேடணும்.

விற்கிறவர் மனசு 85,000-லயே நிற்கும். போன காசு முடிவைப் பிடிச்சு இழுக்கிறதை 'சங்க் காஸ்ட்'னு சொல்வாங்க. வாங்குறவருக்கும் ஒரு பொறி உண்டு. 85,000-ங்கிற நம்பரை முதல்ல கேட்டதால 45,000 மலிவாத் தெரியும். அடுத்தவர் போட்ட பில் உங்களுக்குத் தள்ளுபடி கிடையாது.

அப்போ சில கார் கோடிகள்ல போகுதே?

போகுது. ஆனா அது செலவுக்காக இல்ல, கதைக்காக. 1973-ல வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்துல ஒரு மஞ்சள் நிற 1932 கூபே வரும். படப்பிடிப்பு முடிஞ்சதும் அதை 1,500 டாலருக்கு விற்கப் பார்த்தாங்க. வாங்க ஆள் வரல! இன்னைக்கு உலகத்துலயே பிரபலமான ஹாட் ராட்கள்ல அது ஒண்ணு. பெபிள் பீச் மாதிரி பெரிய பழைய கார் கண்காட்சியே 1997-லதான் ஹாட் ராடுக்குத் தனிப் பிரிவு திறந்தது. எந்தக் காருக்கு இந்த யோகம் அடிக்கும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது. அதை நம்பி காசு போடுறது முதலீடு இல்ல.

வாங்குறவர் என்ன பார்க்கணும்?

- பாடி 1932-ல வந்த அசல் இரும்பா, பிறகு செஞ்ச நகலா, ஃபைபர் கிளாஸா? விலை வித்தியாசமே இதுலதான்.
- ஆவணத்துல இருக்கிற வருஷமும் நம்பரும் சேஸிஸ் நம்பரோட ஒத்துப்போகுதா?
- வேலை செஞ்சது யாரு? வயரிங், வெல்டிங், பிரேக்கை ஒரு நல்ல மெக்கானிக் பார்த்தாரா?
- இன்சூரன்ஸ் 'அக்ரீட் வேல்யூ' முறையில இருக்கா? அதாவது, கார் போச்சுன்னா எவ்வளவு தருவாங்கன்னு முன்னாடியே பேசி முடிச்ச தொகை.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 45,000 டாலர் வருஷம் 7% வளர்ந்தா 10 வருஷத்துல சுமார் 88,500 ஆகும். அதனால 10 வருஷம் கழிச்சு கார் அந்த விலைக்குப் போனாத்தான் சமம். இன்சூரன்ஸ், கராஜ், ரிப்பேர் எல்லாம் தனி.

நம்ம பைக்குக்கு வருவோம்

நம்ம ஊர்ல சட்டமே வேற. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-படி கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. சொல்லாம செஞ்ச மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் க்ளெய்மை நிராகரிக்கவும் வாய்ப்பு இருக்கு.

சட்டம் அனுமதிக்கிற அலாய் வீல், மியூசிக் சிஸ்டம்னு 60,000 ரூபாய் போட்டாலும், விற்கும்போது டீலர் பார்க்கிறது வருஷம், ஓடின கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், வண்டியோட கண்டிஷன் இதைத்தான்.

அதுக்காக ஆசையே படக் கூடாதுன்னு இல்ல. சனிக்கிழமை காலையில நீங்களே செஞ்ச வண்டியை ஓட்டுற சந்தோஷத்துக்கு விலை உண்டு, தாராளமா கொடுக்கலாம். ஆனா அதை பட்ஜெட்ல 'செலவு'ங்கிற கட்டத்துல எழுதுங்க, 'முதலீடு'ல எழுதாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்ஐபி-யையும் ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்துல பண்ணுங்க. லோன் போட்டு வேண்டாம்.

உங்க வண்டிக்கு இதுவரைக்கும் எவ்வளவு எக்ஸ்ட்ரா செலவு பண்ணியிருக்கீங்க? ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க. அப்புறம் அதை வாங்க வர்றவர் கண்ணோட ஒரு தடவை பாருங்க.