தேக்கு வெட்டிய மலையில் ஓய்வு இல்லங்கள்

ஆனைமலைத் தொடரில், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகச் சுமார் 35 கி.மீ. போனால் டாப்ஸ்லிப். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 740 மீட்டர் உயரம். நடுவில் ஒரு புல்வெளி, சுற்றிலும் தேக்கு, மூங்கில், அதற்கு அப்பால் கரியன் சோலை. இந்தக் காட்டுக்குள் அம்புலி இல்லம் உள்ளிட்ட வனத்துறை ஓய்வு இல்லங்கள் சில இருக்கின்றன. பெருந்துறையிலிருந்து திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி வழியாக அரை நாளில் சென்றடையலாம். சனி, ஞாயிறு கழிக்க ஏற்ற தூரம்தான். ஆனால் இது சுற்றுலாவுக்காக உண்டான ஊர் இல்லை, மரம் வெட்டுவதற்காக உண்டானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேக்கு தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஓக் மரம் குறைந்துபோயிருந்தது. பம்பாய்க் கப்பல் தளத்தில் தேக்கால் கட்டிய கப்பல்கள் ஓக் கப்பல்களைவிட நெடுநாள் உழைத்தன. ஆனைமலைத் தேக்கு அந்தத் தளத்துக்குப் போனது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் வந்ததும் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டியிருந்தது.

வெட்டுவதைவிட இறக்குவதுதான் பெரும்பாடு. காட்டுக்குள் சாய்த்த மரத்தை யானைகள் மலை விளிம்பு வரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டி விடுவார்கள். அடிவாரத்தில் சேர்ந்த மரங்களை மாட்டு வண்டிகள் ஏற்றிச் செல்லும். மேலிருந்து மரம் சறுக்கிய அந்த விளிம்புதான் டாப்ஸ்லிப் என்று நிலைத்தது. யானையைக் காட்டில் பிடித்துப் பழக்கி வேலை வாங்கும் முகாம்களும் இந்தத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தன. மலையின் பழங்குடிகளான காடர், மலசர், மலைமலசர் ஆகியோரின் காட்டறிவு இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. வரலாற்றில் பேர் பதிந்ததென்னவோ அதிகாரிகளுக்குத்தான்.

பல பத்தாண்டுகள் இப்படி வெட்டியதில் மலை மொட்டையாகத் தொடங்கியது. 1856-இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன் காலத்தில் கண்மூடித்தனமான வெட்டுக்கு முதல் கடிவாளம் விழுந்தது. காடு திரும்ப எழுந்ததில் பெரும் பங்கு இன்னொருவருக்கு உண்டு. அவர் ஹியூகோ வுட், 1910-களில் ஆனைமலைக்கு வந்த வன அதிகாரி. தேக்கை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அதிலிருந்து தளிர் கிளம்பி மறுபடி மரமாகும். அந்த முறையை அவர் திட்டமிட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெற்றிடங்களில் புதிதாகத் தேக்கு வைத்தார். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால் நடக்கும் வழியெல்லாம் மண்ணைக் குத்தி, பையிலிருந்த தேக்கு விதையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவார் என்று அந்த மலையில் இன்றும் சொல்கிறார்கள். ஒரு மனிதர் கைத்தடியால் ஒரு காட்டையே எழுப்பிவிட முடியாது. அவருடைய வேலைத் திட்டமும் அதைச் செய்த கூலிகளின் கைகளும்தான் எழுப்பின. ஆனாலும் கைத்தடிக் கதையை விட யாருக்கும் மனம் வருவதில்லை.

அவர் குடியிருந்தது மவுண்ட் ஸ்டூவர்ட் பங்களா. 1881 முதல் 1886 வரை சென்னை கவர்னராக இருந்த மவுண்ட் ஸ்டூவர்ட் கிராண்ட் டஃப்பின் பெயர் தாங்கியது. வுட்டுக்குக் குடும்பம் இல்லை. காசநோய் கண்டு குன்னூரில் காலமானவரை, அவருடைய விருப்பப்படியே 1933-இல் இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நுரையீரல் நோயாளிகள் வறண்ட காற்றுக்காகத் தேடி வந்த சானடோரியம் உள்ள பெருந்துறைக்காரர்களுக்கு, ஈரக்காட்டை விட்டு நகர மனமில்லாத இந்த நோயாளியின் கதை சற்று விசித்திரமாகவே படும். கல்லறையில் லத்தீனில் ஒரு வாசகம் உள்ளது. நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வாசகம்தான். அங்கே சுற்றிலும் இருப்பது கல், இங்கே மரம்.

மரத்துக்கான காடு ஓய்விடமாக மாறியது இங்கே மட்டும் அல்ல. இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் வார இறுதிக்கு வாடகைக்கு விடும் மரக்குடில்கள் பலவும் இதே போன்ற பின்னணி உடையவை. முதல் உலகப் போரில் மரத்தட்டுப்பாடு கழுத்தை நெரித்ததால் பிரிட்டன் 1919-இல் வன ஆணையம் அமைத்து, சீக்கிரம் வளரும் ஊசியிலை மரங்களைப் பெருவாரியாக நட்டது. வெட்டுவதற்காக வளர்த்த அந்த அரசுக் காடுகளில்தான் பின்னாளில் விடுமுறைக் குடில்கள் முளைத்தன. முழு மரத்தண்டுகளைக் கிடையாக அடுக்கி, மூலைகளில் கொத்தி ஒன்றோடொன்று கோக்கும் கட்டுமானம் இங்கிலாந்தின் பழைய மரபும் அல்ல. அது ஸ்காண்டிநேவியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சொந்தம். நேராக ஓங்கி வளரும் பைன் மரம் அங்கே தாராளம். மரச்சுவர் உள்வெப்பத்தை எளிதில் வெளியே விடாது; உள்ளே ஒரு கணப்பு மூட்டினால் வெளியே பனி கொட்டினாலும் கவலையில்லை.

தேக்கு விளையும் ஆனைமலையில் அப்படிப்பட்ட குடில்கள் தோன்றாததற்குக் காரணங்கள் உண்டு. சுவராக அடுக்க முடியாத விலை தேக்குக்கு. மற்ற மரங்களைக் கரையான் விடாது, தென்மேற்குப் பருவமழையும் விடாது. குளிரும் கணப்புக்காக ஏங்கும் அளவு இல்லை, காற்றோட்டமே முக்கியம். அதனால் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட காட்டு பங்களாக்களின் அழகு சுவரில் இல்லை, நீண்ட வராந்தாவில் இருந்தது. மரத்தில் தங்கியே தீரவேண்டும் என்பவர்கள் டாப்ஸ்லிப்பைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் பரம்பிக்குளத்துக்குப் போகலாம். அங்கே மரத்தின் மேலேயே குடில் உண்டு. வெட்டுக்குத் தப்பிய கன்னிமரா தேக்கும் அங்கேதான். ஆறரை மீட்டருக்குக் கூடுதலான சுற்றளவு. நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

1976-இல் ஆனைமலை சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமானது. மர வேலை நின்ற பிறகு யானைகளுக்கும் பணி மாறியது. கோழிகமுத்தி முகாமில் இன்று இருப்பவை மரம் இழுப்பதில்லை. பயிருக்குள் இறங்கும் காட்டு யானைகளை விரட்டும் கும்கிகள் அவற்றில் உண்டு. 2023 மார்ச்சில் அறுபது வயதில் ஓய்வு பெற்ற கலீம் என்ற கும்கி, 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டது. ஓய்வு நாளில் வனத்துறையினர் அணிவகுத்து அதற்கு மரியாதை செலுத்தினர். முகாமில் சமைத்த கேழ்வரகையும் கொள்ளையும் பாகன்கள் உருண்டை பிடித்து யானையின் வாய்க்குள் ஊட்டுவதைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

தங்க விரும்புவோர் முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். மதுவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தடை. காட்டுக்குள் சொந்த வண்டியில் சுற்ற முடியாது, வனத்துறை வாகனம்தான். இருட்டியபின் வெளியே நடக்கக் கூடாது. விடுதிப் புல்வெளியில் மானும் காட்டுப்பன்றியும் மேயும், காட்டுமாடும் வரும். குரங்குகள் இருப்பதால் சன்னலைத் திறந்துபோட்டு வெளியே போவது புத்திசாலித்தனம் அல்ல. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் கரியன் சோலைப் பக்கம் அட்டைகள் கணுக்காலைப் பதம் பார்க்கும். இருவாச்சியும் சோலைமந்தியும் இருப்பது அந்தச் சோலையில்தான் என்பதால் நடக்காமலும் இருக்க முடியாது. கோடையில் காட்டுத்தீ அச்சம் கூடினால் காப்பகத்தையே சில வாரங்கள் மூடிவிடுவதும் உண்டு. மாசி, பங்குனியில் கிளம்புகிறவர்கள் பொள்ளாச்சியில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.