சாமுண்டி மலை: பாறையும் மழையும்

மைசூர் நகருக்குத் தென்கிழக்கே, சமவெளியினின்று தனித்து எழுந்து நிற்பது சாமுண்டி மலை. நகரம் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மலையுச்சியோ 1,000 மீட்டருக்கும் மேற்பட்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த கனமழையின்போது, இம்மலையில் நந்தி சிலைக்குச் செல்லும் சாலையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. உறுதி வாய்ந்த கருங்கல் மலையில் சரிவு நேர்வது எங்ஙனம் என்ற ஐயம் எழுதல் இயல்பே.

மைசூரைச் சுற்றியுள்ள நிலத்தின் அடித்தளம், 300 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நைஸ் என்னும் வரிப்பாறையாகும். சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்திலிருந்து பாறைக் குழம்பு அதனை ஊடுருவி மேலெழுந்து, மெல்லக் குளிர்ந்து, இளஞ்சிவப்பு நிறமுடைய கிரானைட்டாக இறுகியது. மேலே மூடியிருந்த பாறைகள் காலப்போக்கில் தேய்ந்து அகன்றன. எளிதில் தேயாத கிரானைட் மலையாக எஞ்சியது. 17ஆம் நூற்றாண்டில் மன்னர் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில், ஒரே பாறையில் நந்தி செதுக்கப்பட்டதும் இக்கல்லின் உறுதிக்குச் சான்றாகும்.

எனினும் கிரானைட்டும் அழிவற்றதன்று. மேற்சுமை நீங்கியதும் பாறை சற்றே விரிந்து, வெங்காயத்தின் தோல்போல ஏடு ஏடாகப் பிளவுறுகின்றது. பிளவுகளில் புகும் மழைநீர், பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிறுகச் சிறுகக் களிமண்ணாக மாற்றுகின்றது. படிகக்கல் மணலாக உதிர்கின்றது. இவ்வாறு தோன்றிய மண் வழவழப்பான பாறையின்மீது மெல்லிய போர்வையாகப் படிந்துள்ளது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்திருப்பதால், மைசூரில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர் அளவே பெய்கின்றது. ஆயினும் மே மாதத்திலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இடியுடன் கூடிய பெருமழை குறுகிய நேரத்தில் கொட்டுவதுண்டு. மண்ணுள் இறங்கிய நீர் பாறையைத் துளைத்துச் செல்ல இயலாது, இரண்டிற்கும் இடையே தேங்குகின்றது. மண்ணின் எடை மிகுகின்றது, பிடிப்புத் தளர்கின்றது. சாலைக்காகச் சரிவின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருந்தாலோ, வடிகால் அடைபட்டிருந்தாலோ, மண் நழுவுதல் எளிதாகின்றது. மரங்களின் வேர்கள் மண்ணை இறுகப் பிணைத்து இதனை ஓரளவு தடுக்கின்றன.

ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்லும்போது, உறுதியான கல்லையும் கையால் தேய்த்தாலே உதிரும் கல்லையும் அருகருகே காட்டுதல் பயன் தரும். களப் பணியாளர் மழைக்கு முன்னரே வடிகால்களைச் செப்பனிடுதல் வேண்டும். சாலையோரத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கிய நீரூற்று ஆகியவற்றில் ஒன்று தென்படினும், அதனை முன்னறிவிப்பாகக் கொண்டு, உடனே போக்குவரத்தை நிறுத்தச் செய்து, உரிய அலுவலருக்குத் தெரிவித்தல் இன்றியமையாதது. பாறை சிதையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மண் சரிய ஓர் இரவு மழை போதும்.