ஆசிரியரின் சுங்கான்

என் எழுதுமேசையின் வலது மூலையில் ஒரு சுங்கான் இருக்கிறது. அதில் நெருப்புப் பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. ஆயினும் மாதம் ஒருமுறை அதைத் துடைத்து வைக்க நான் தவறுவதில்லை. புகைபிடிக்காதவனுக்குச் சுங்கான் எதற்கு என்று வீட்டுக்கு வருவோர் வினவுவர். அவர்களுக்குச் சொல்லாத விடையை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்குப் புகையிலை புதுமையன்று. பாட்டனார் வாயிற் சுருட்டைக் காணாத நாள் எனக்கு நினைவில்லை. சுங்கானை மட்டும் எங்கள் ஆங்கில ஆசிரியரிடத்திலேதான் முதலிற் கண்டேன். மாலையில் பாடசாலை விட்டதும், கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி முடித்த பின்னரே அவர் அதைக் கையிலெடுப்பார்.

புகையிலையை ஒரேயடியாக அடைத்துவிட மாட்டார். மூன்று முறை இடுவார். முதலில் தளர்வாக, அடுத்துச் சற்று இறுக்கமாக, இறுதியில் இன்னும் இறுக்கமாக. முதல் நெருப்பில் இலைத்துகள் சுருண்டு மேலெழும். அதை மெல்ல அமர்த்தி மறுபடி பற்றவைப்பார். பின்னர் இழுப்பது தெரியாமல் இழுப்பார். அவசரப்படுபவனுக்கு நாக்கு வெந்துபோகும், கிண்ணமும் ஈரங்கட்டும்.

அச்சுங்கான் செய்யப்பட்ட மரத்தைப்பற்றி அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மத்தியதரைக் கடலோரங்களில் வளரும் ஒருவகைப் புதர்மரத்தின் வேரடியிற் புடைத்திருக்கும் கட்டை அது. எளிதில் தீப்பற்றாதது. பல மணிநேரம் கொதிநீரில் அவித்துச் சாற்றைப் போக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பின்பே அதைக் கடைவார்கள். பிரான்சின் யூரா மலைப்பகுதியிலுள்ள சென் குளோட் என்ற ஊர் 19 ஆம் நூற்றாண்டிலேயே இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. வாயில் வைக்கும் காம்போ கந்தகஞ் சேர்த்து இறுக்கிய றப்பர். வெயிலில் வைத்தால் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறிவிடும்.

ஒருமுறை புகைத்த சுங்கானுக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பார். காம்பினுள்ளே பஞ்சு சுற்றிய கம்பியைச் செலுத்தி ஈரத்தை எடுப்பார். கிண்ணத்தின் உட்புறத்திற் படியும் கரி, மரத்தைத் தீயினின்றுங் காக்கும் கவசம். எனினும் அது ஒரு நாணயத்தின் கனத்தை மிஞ்சக்கூடாது. மிஞ்சினால், சூட்டில் விரிந்து மரத்தையே பிளந்துவிடும்.

1961 ஆம் ஆண்டில் ஒரு மாலை. அவர் புகைத்துவிட்டுச் சுங்கானை மேசையில் வைத்து விளையாட்டு மைதானத்துப் பக்கம் போயிருந்தார். அவருக்கு உதவி செய்யும் ஆசையில், சூடாறாத சுங்கானின் காம்பைத் திருகி இழுத்தேன். ‘சடக்’ என்றொரு சத்தம். கழுத்திலே வெடிப்பு. அவர் திரும்பி வந்தபோது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவர் ஏசவில்லை. “தம்பி, சூடாயிருக்கேக்கை ஒண்டையும் பிரிக்கப்படாது. ஆறட்டும்” என்றார். அடுத்த வாரம் தட்டாரிடம் கொடுத்து வெடிப்பின் மேல் ஒரு வெள்ளி வளையம் போடுவித்தார். அதன் பின்னரும் அதே சுங்கானைத்தான் புகைத்தார்.

புகையை விடும்படி யாரேனும் சொன்னால், பேர்ட்ரண்ட் ரசலின் கதையைச் சொல்லிச் சிரிப்பார். 1948 இல் நோர்வேயின் துரொன்ஹைம் நகருக்கு அருகே, ரசல் சென்ற கடல்விமானம் கவிழ்ந்தது. பத்தொன்பது பேர் மாண்டனர். சுங்கான் பிரியரான ரசல் புகைப்போர் பகுதியில் அமர்ந்திருந்தபடியால் பிழைத்தார். எழுபத்தாறாம் வயதிலே குளிர்நீரில் நீந்தி மீட்புப் படகை அடைந்தார்.

கதை உண்மைதான். ஆனால் ஒருவர் தப்பியது மற்றவர்க்குப் பிணையாகாது. சுங்கான் புகைத்தல் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றதென 1964 இல் அமெரிக்க மருத்துவ அறிக்கை கூறியது. 1978 இல் என் ஆசிரியரின் கீழுதட்டில் ஆறாத புண் ஒன்று தோன்றியது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவராற் பேசுவது அரிதாயிருந்தது. தலையணைக்கடியிலிருந்து சுங்கானை எடுத்து என் கையில் வைத்தார். “இப்ப நல்லா ஆறியிருக்கு, தம்பி. பயப்படாமற் கழற்று” என்றார். கழற்றினேன். காம்பு இலகுவாக வந்தது.

வான் கோ 1888 இல் வரைந்த நாற்காலி ஓவியம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உண்டு. வைக்கோல் பின்னிய இருக்கையின்மேல் ஒரு சுங்கானும் சிறிது புகையிலையும் கிடக்கின்றன, இருப்பவரைக் காணோம். அதன் அச்சுப்படத்தைக் காணுந்தோறும் எனக்கு அந்தப் பாடசாலை அறை நினைவுக்கு வருகின்றது.

புகைப்பதை நான் எவருக்கும் பரிந்துரையேன். அது என் ஆசிரியரைக் கொண்டுபோயிற்று. ஆனால் பொறுமை என்ற பாடத்தை அவரிடமிருந்து அந்தச் சுங்கானின் வாயிலாகவே கற்றேன். கோபத்தில் எழுதிய கடிதத்தை இன்றும் உடனே தபாலிற் சேர்ப்பதில்லை. ஓர் இரவு அந்த வெள்ளி வளையத்தின் அருகில் வைத்துவிடுகிறேன். விடிந்ததும் பெரும்பாலும் கிழித்தெறிகிறேன்.