மண்டபத்துக்கு எத்தனை டன் ஏசி?

கடையோ அலுவலகமோ மண்டபமோ கட்டுகிறவர், ஏசி போடும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுகிறார். "எத்தனை சதுர அடி சார்?" என்பது அவருடைய முதல் கேள்வி. பதிலைக் கேட்டதும் அதை நூறாலோ நூற்றிருபதாலோ வகுத்து ஓர் எண்ணைச் சொல்வார். "சேஃப்டிக்கு இன்னும் ரெண்டு டன் சேத்தே போட்டுருவோம்" என்று முடிப்பார். இருபது, முப்பது லட்ச ரூபாய் முதலீட்டின் கணக்கு பல இடங்களில் இவ்வளவுதான்.

ஒரு படுக்கையறைக்கு இந்தக் கணக்கு போதும். நாலைந்து பேருக்கு மேல் புழங்காத இடம், ஒரு ஜன்னல், மேலே ஒரு தளம். பெரிதாகத் தப்ப வழியில்லை. வணிகக் கட்டடத்துக்கு இதே வாய்ப்பாட்டைப் போட்டால் தவறு உறுதி. அங்கே ஏசியின் சுமையைத் தீர்மானிப்பவை உள்ளே வரும் மனிதர்கள், அவர்கள் மூச்சுக்காக உள்ளே விடும் வெளிக்காற்று, அந்தக் காற்றோடு சேர்ந்து வரும் ஈரம். தரைப்பரப்பு அதற்கெல்லாம் பிறகுதான்.

முதலில் டன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றிலுமிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் ஒரு டன். ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். இயந்திரக் குளிர்ச்சி வருவதற்கு முன் உலகம் பனிக்கட்டியால்தான் குளிர்ந்தது என்பதால் வந்த அளவு இது. சென்னைக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரடெரிக் டியூடர் 1842இல் கட்டியது.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை, வைகாசி மாத முகூர்த்தம், 6,000 சதுர அடி ஹால், 800 பேர். சதுர அடிக் கணக்குப்படி 50 டன். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் வெப்பம் சுமார் 115 வாட். 800 பேருக்கு 92 கிலோவாட், அதாவது 26 டன். இத்தனை பேர் மூச்சுவிட வெளியிலிருந்து காற்று வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 4 லிட்டர் என்று சிக்கனமாகவே வைப்போம். வெளியே 33 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். உள்ளே 24 டிகிரி, 55 சதவீதம் வேண்டும் என்றால், அந்தக் காற்றைப் பக்குவப்படுத்த மட்டும் 32, 33 டன் தேவை. ஆளும் காற்றும் மட்டுமே 59 டன் ஆகிவிட்டது. கூரை வெயில், மேடையின் ஃபோகஸ் லைட்டுகள், ஹோம குண்டம் இன்னும் கணக்கில் வரவில்லை.

அதே 6,000 சதுர அடியில் 60 பேர் வேலை பார்க்கும் அலுவலகம் இருந்தால்? காற்றை இரண்டு மடங்குக்கு மேல் தாராளமாக விட்டாலும் ஆளுக்கும் காற்றுக்கும் எட்டு டன் தாண்டாது. ஒரே பரப்பு, ஒன்றுக்கு 59, இன்னொன்றுக்கு 8.

அந்த 33 டன்னைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்றின் சூட்டை 33 டிகிரியிலிருந்து 24க்கு இறக்க அதில் 30 சதவீதம்தான் செலவாகிறது. மீதி 70 சதவீதமும் காற்றிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி வெளியேற்றவே போகிறது. நீராவி தண்ணீராக மாறும்போது ஒரு கிலோவுக்கு 2,400 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை விடுகிறது. அதையும் இயந்திரம்தான் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். நம் மண்டபத்தில் வெளிக்காற்று கொண்டுவரும் ஈரமும் 800 பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்தால் மணிக்கு 160 லிட்டருக்கு மேல். பதினோரு குடம் தண்ணீரை ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஹாலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஊற்றிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். கோடைக்கால ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்க, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய 25 வயது பொறியாளர் வில்லிஸ் கேரியர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரிக்கும் அமைப்பை வரைந்தார். சிவகாசி அச்சகத்தாருக்கு இந்தப் பிரச்சினையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரின் வறண்ட காற்றுதான் அவர்கள் தொழிலுக்குக் கிடைத்த முதல் மூலதனம்.

'சேஃப்டிக்கு ரெண்டு டன்' கெடுதல் செய்வதும் இந்த ஈரத்தில்தான். ஏசியின் உள் யூனிட்டைத் திறந்தால் அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய காயில் தெரியும். அது பத்து, பன்னிரண்டு டிகிரிக்குக் குளிர்ந்து, கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் தகடுகளில் நீர் கோத்து, துளியாகி, தட்டில் வடிந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியேறும். தேவைக்கு மிஞ்சிய டன்னேஜ் போட்ட சாதாரண இயந்திரம் அறையின் சூட்டைச் சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்துகிறது. விசிறி மட்டும் ஓடுகிறது. தகடுகளில் கோத்து நின்ற நீர், வடிவதற்கு முன்பே ஆவியாகி மறுபடி அறைக்குள் வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவருக்குக் குளிர்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது. அவர் ரிமோட்டை 18க்கு இறக்குகிறார். சில மாதங்களில் ஃபால்ஸ் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் வருகின்றன. இன்வெர்ட்டர் கம்ப்ரசர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிற்காமல் ஓடுவதால் இந்தக் கேடு பாதி குறைந்திருக்கிறது. பாதிதான்.

இன்னொரு உண்மையைக் கட்டட உரிமையாளர்கள் பலர் அறிவதில்லை. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றைக்கூட உள்ளே எடுப்பதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவடைத்த பயிற்சி வகுப்பிலும் வங்கிக் கிளையிலும் பிற்பகலில் தலை கனப்பதற்குக் கரியமில வாயு ஏறுவது ஒரு முக்கியக் காரணம். கொரோனா காலத்தில் ஏசி அறைகளைக் கண்டு உலகமே அஞ்சியதற்கும் இந்தச் சுழற்சிதான் காரணம். எந்த ஏசியைத் தேர்ந்தெடுத்தாலும் ஃப்ரெஷ் ஏர் யூனிட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெளியேறும் குளிர்காற்றிடமிருந்து குளிர்ச்சியையும் வறட்சியையும் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் சுழல் சக்கரங்கள் இப்போது நம் ஊரிலேயே கிடைக்கின்றன. கூட்டம் கூடும் கட்டடத்துக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை.

மண்டபங்களில் காற்று இன்னொரு வழியிலும் ஏமாற்றும். ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது வெளிக்காற்று 'உஸ்' என்று நம்மோடு உள்ளே பாய்கிறதா என்று கவனியுங்கள். பாய்ந்தால், பின்னாலுள்ள சமையற்கட்டின் எக்ஸாஸ்ட் விசிறிகள் பந்தியறை வழியாக ஹாலின் குளிர்காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். உறிஞ்சப்பட்ட காற்றுக்கு ஈடாக, சூடும் ஈரமுமாக வெளிக்காற்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் நுழைகிறது. இருக்கும் ஏசியோடு இன்னும் பத்து டன் சேர்த்தாலும் இது தீராது. சமையற்கட்டுக்கு வேண்டிய காற்றை அங்கேயே நேரடியாக உள்ளே விட ஒரு விசிறி வைத்தால் தீரும்.

இயந்திரத்துக்கு வருவதற்கு முன் கட்டடத்தின் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குப் பக்கம் முழுக்கச் சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டு ஏசியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்தக் கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் எண்பது சதவீதத்தை உள்ளே விடும். நல்ல பூச்சுக் கண்ணாடி முப்பதுக்குள் நிறுத்தும். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு, ஜன்னலுக்கு வெளியே ஒரு சன்ஷேடு. இவை குறைக்கும் ஒவ்வொரு டன்னும் வாங்காமலே மிச்சம்.

எந்த வகை ஏசி? கட்டடம் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. மண்டபத்துக்கு ஆடியும் மார்கழியும் கிடையாது. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாட்களில்தான் ஓட்டம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விலையுயர்ந்த இயந்திரம் அங்கே போட்ட காசை எடுக்க வெகுகாலம் ஆகும். டக்ட் வழியாகக் குளிர்காற்றை அனுப்பும் டக்டபிள் யூனிட்டுகளைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்து, நிச்சயதார்த்தத்துக்குப் பாதியையும் கல்யாணத்துக்கு முழுவதையும் ஓட்டுவதே புத்திசாலித்தனம். மணமகள் அறைக்கும் மணமகன் அறைக்கும் தனி ஸ்பிளிட் போதும். 24 மணி நேரமும் ஓடும் மருத்துவமனையில் கணக்கு தலைகீழ். அங்கே வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவுதான் பெரிது; தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் சில்லர்தான் சரி.

இரண்டுக்கும் நடுவே இருப்பது விஆர்எஃப். 1982இல் ஜப்பானின் டைக்கின் கொண்டுவந்தது. ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்குக் கேஸ் குழாய்கள் போகும். எந்த அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே பாயும். ஐந்து மாடியில் பத்து வாடகைதாரர்கள், ஒருவர் காலையில் திறப்பார், ஒருவர் இரவு வரை இருப்பார் என்ற கட்டடத்துக்கு இது கச்சிதம். ஆளாளுக்குப் பில் பிரிக்கவும் வசதி. ஆனால் கட்டடம் முழுக்கக் கேஸ் குழாய் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. பல விஆர்எஃப்களில் இன்னும் இருக்கும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால், இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பமேற்றம். இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுவிட்டது; இந்த வகை வாயுக்களின் பயன்பாட்டுக்கு 2028 முதல் உச்சவரம்பு வருகிறது. இன்று வாங்கும் இயந்திரத்துக்குப் பத்து வருடம் கழித்து என்ன விலையில் கேஸ் நிரப்புவோம் என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சில்லர் என்று முடிவானால் அடுத்த கேள்வி தண்ணீர். வாட்டர் கூல்டு சில்லர் ஒரு டன் குளிர்ச்சியை ஒரு மணி நேரம் தர 0.6 யூனிட் அளவில் மின்சாரம் எடுக்கும். பம்பு, கூலிங் டவர் விசிறிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஏர் கூல்டு சில்லர் ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும். மே மாதம் சென்னையில் காற்று 40 டிகிரி காய்ந்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, முப்பதுக்குக் கீழேயே நிற்கும். கூலிங் டவர் தண்ணீரை ஆவியாக்கி அந்தத் தாழ்ந்த வெப்பநிலையை நெருங்குகிறது. ஏர் கூல்டு இயந்திரமோ அந்த 40 டிகிரி காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். வித்தியாசம் அங்கேதான்.

விலை தண்ணீரில் போகிறது. ஒரு டன்னுக்கு மணிக்கு ஆறரை லிட்டர் ஆவியாகும். 200 டன் நிலையம், சராசரியாக 140 டன் சுமையில் பத்து மணி நேரம் ஓடினால் 9,000 லிட்டர். உப்பு சேராமல் இருக்க வடித்துவிடும் நீரையும் சேர்த்தால் தினம் ஒரு பெரிய டேங்கர் லாரி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஊர் இது. இங்கே குடிநீரைக் கூலிங் டவருக்கு ஊற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வழி இருக்கிறது. 400 பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஆளுக்கு 45 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் தினம் 18,000 லிட்டர் தண்ணீர் புழங்குகிறது. பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்புகிறது. அதைக் கட்டடத்திலேயே நன்றாகச் சுத்திகரித்தால் டவரின் தாகத்துக்குப் போதும். கிருமிநாசினி மருந்தை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. 1976இல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் கூடியவர்களிடையே உயிர்களைக் காவுகொண்ட புதுவகை நிமோனியா பரவியதற்குப் பிறகுதான், கூலிங் டவர் நீரில் வளரும் லீஜியோனெல்லா கிருமியை மருத்துவ உலகம் அடையாளம் கண்டது. சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக நடத்த ஆளில்லை என்றால், கூடுதல் மின்கட்டணத்தை ஏற்றுக்கொண்டு ஏர் கூல்டு போடுவதே மேல்.

வெளி யூனிட்டுகளை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மூன்றடிச் சந்தில் வரிசையாக அடுக்குவது நம் வணிகத் தெருக்களின் வாடிக்கை. கீழ் யூனிட் விடும் சூட்டை மேல் யூனிட் குடிக்கிறது, எல்லாமே திணறுகின்றன. மொட்டைமாடியில் இடம் விட்டு வையுங்கள். கடலோரத்தில் உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சுள்ள காயிலைக் கேளுங்கள். இல்லாவிட்டால் சில வருடங்களில் தகடுகள் பொடிப்பொடியாக உதிரும்.

ஓட்டும்போது 24 டிகிரியில் வையுங்கள். எரிசக்தித் திறன் செயலகம், அதாவது பிஇஇ, நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகளுக்கு 2020 ஜனவரி முதல் இதையே தொடக்க வெப்பநிலையாக வைத்திருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அவர்களுடைய கணக்கு. ஈரத்தைச் சரியாக எடுக்கும் கட்டடத்தில் 24 டிகிரி யாருக்கும் குறையாகத் தெரியாது.

இப்போது வரைபடத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏசி பொறியாளரை உள் அலங்கார வேலையின்போது கூப்பிடாதீர்கள், அஸ்திவாரம் போடும் முன்பே கூப்பிடுங்கள். டக்ட் போக உத்திரத்துக்குக் கீழே எத்தனை அடி, குழாய்க்கு எங்கே துளை, டவருக்கு எங்கே தளம், வெளிக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்பதெல்லாம் கான்கிரீட் இறுகிய பிறகு மாற்ற முடியாதவை. இயந்திரத்தைப் பதினைந்து, இருபது வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஹீட் லோடு கணக்கைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதில் ஆள் எண்ணிக்கைக்கு ஒரு வரியும், வெளிக்காற்றுக்கு ஒரு வரியும், ஈரத்துக்கு ஒரு வரியும் இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.